மூன்று அருள் நிறை மரியேயும் ஏழு லட்சம் ரூபாவும்

கேள்வி:

மிஸ், எனக்கு 46 வயது. கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்து, வத்தளையில் ஒரு காணி வாங்க வேண்டும் என்று மாதாமாதம் எனக்குக் காசு அனுப்பினா. 2011 இல் அது ஏழு லட்சமாகச் சேர்ந்தது. அந்த நேரம் கடை மூழ்கப் பார்த்தது. முழுவதையும் கடனுக்குக் கட்டிவிட்டேன். தரகர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். இன்றுவரை நம்புகிறா. இப்போது வத்தளையில் வாடகை அனெக்ஸ் ஒன்றில் இருக்கிறா.

இதுவரை ஆறு தரம், ஆறு கோவில்களில் குருமாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். திருச்சபையின் யூபிலிப் புனித ஆண்டில், அது தரும் ‘பரிபூரண பலன்’ என்ற அருளுக்கு உரியதெல்லாம் முறையாகச் செய்தேன். மனைவியின் தம்பி கத்தோலிக்கம் அல்லாத ஒரு சபைக்குப் போகிறவர். “அந்தப் பலன் ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சாமான்” என்று சிரிக்கிறார். என் பாவம் மன்னிக்கப்படவில்லையா? பலன் கிடைக்கவில்லையா? அல்லது எனக்கு ஏதும் மனநோயா? அக்காவிடம் சொல்லாமல் இது ஆற வழி உண்டா? நவம்பரில் அம்மாவின் கல்லறைக்குப் போகும்போது பலனை அம்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், கொழும்பு 13

பதில்:

தம்பி,

உங்கள் கடிதம் கொப்பித் தாளில் நான்கு பக்கம். மேலே போட்டிருப்பது சாரம் மட்டும். கோவில்களின் பெயர், தெருவின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கண்ணில் படாத அரை வரி ஒன்று இரண்டாம் தரம் பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் உளவளத்துணையாளர், குருவானவர் அல்ல. மன்னிப்பு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் கத்தோலிக்க வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடத்துக்கு மேலாகச் சனங்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் மனதில் கிடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மனநோயா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கடிதத்தில் “அங்கொடை” என்று எழுதி வெட்டியிருக்கிறீர்கள். (மனநல வைத்தியசாலை இருக்கும் அந்த ஊரின் பெயரை ஒரு வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே சுகமாகி வீட்டுக்குப் போனவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.) ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு உண்மையிலேயே ஒரு வருத்தம், அதாவது நோய்தான். எங்கள் துறை பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே திருச்சபை அதைக் கண்டுவைத்திருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா நகர் புனித இஞ்ஞாசியார் ஸ்பெயினின் மொன்செராட்டில் மூன்று நாள் எடுத்து, எழுதி வைத்துத் தன் வாழ்நாள் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டார். அதன் பிறகும் 1522 இல் மன்ரேசாவில் இருந்தபோது, ‘இன்னும் ஏதோ விட்டுப்போய்விட்டது’ என்று மறுபடி மறுபடி போய்க்கொண்டே இருந்தார். ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. கடைசியில், பழையதை இனிமேல் அறிக்கையிடுவதில்லை என்று ஒரு முடிவெடுத்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

அப்படியானவர்கள் என்னிடமும் வருகிறார்கள். பல்லிடுக்கில் கிடந்த பாண் துணுக்கு ஒன்றை விழுங்கிவிட்டேன், நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியால உபவாசம் முறிந்துபோய்விட்டதே என்று இரவெல்லாம் அழுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு குருவானவரும் ஒரு வைத்தியரும் சேர்ந்துதான் உதவ முடியும். “இனிமேல் இதைச் சொல்ல வராதே” என்று சொல்வதுதான் அங்கே மருந்து.

நீங்கள் அந்த வகை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்று யோசித்துப் பாருங்கள். நாளைக் காலை அந்தக் காசு முழுவதும் அக்காவின் கையில் சேர்ந்துவிட்டது, நடந்தது என்ன என்பதும் அவவுக்குத் தெரிந்துவிட்டது என்று வைப்போம். அதற்கும் பிறகு ஏழாவது கோவிலைத் தேடிப் போவீர்களா? மாட்டீர்கள் அல்லவா? பல்லிடுக்குப் பாண்காரர் போவார். அவரிடம் இருப்பது பயம். உங்களிடம் இருப்பது கடன். கடன்காரனுக்குத் தூக்கம் வராவிட்டால் அதை வருத்தம் என்று சொல்ல மாட்டோம்.

ஆனாலும் மூன்று மணி முழிப்பை அலட்சியம் செய்ய வேண்டாம். சாப்பாட்டில் நாட்டம் குறைந்திருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனாலோ ஒரு வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். இரகசியங்களைப் பற்றி ஆராய்ந்த மைக்கேல் ஸ்லெபியன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்லும் ஒரு விஷயம் உங்களுக்குப் பொருந்தும். ஆட்களுக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிட, தனியாக இருக்கும்போது மனம் தானாகவே அங்கே போய்ப் போய் நிற்பதுதான் ஆளை அதிகம் அரிக்கிறது என்கிறார். அக்கா கேக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு ஊட்டும்போது நீங்கள் சிரித்துச் சமாளித்துவிடுகிறீர்கள். மூன்று மணிக்கு உங்களோடு யாரும் இல்லை.

இனி பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோம். ஆறு குருமாரிடமும் என்ன சொன்னீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “அக்காவின் காசு விஷயத்தில் நேர்மையாக இருக்கவில்லை, பாதர்.” அவ்வளவுதான். ஐந்து பேர் மூன்று அருள் நிறை மரியே சொல்லச் சொன்னார்கள். ஒருவர் ஒரு செபமாலை கொடுத்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சக் காசில் நூறு இருநூறு குறைந்த கதை என்று நினைத்திருப்பார்கள். தவக்காலத்துச் சனிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முப்பது பேர் வரிசை, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒரு மேசைக் காற்றாடி கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது, பாதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார், வரிசையில் நிற்கும் ஒரு அம்மா செபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறா. அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் கொடுத்ததை வைத்துத்தானே அவர் மருந்து கொடுக்க முடியும்? காயத்தை வைத்தியனுக்குக் காட்ட வெட்கப்பட்டால், அவனுக்குத் தெரியாததை அவன் மருந்து குணமாக்காது என்று புனித ஜெரோம் எழுதினார். மேற்றிராணிமார் கூடிய திரெந்து பொதுச்சங்கம் அதை எடுத்தாண்டது, இன்றைய மறைக்கல்வி ஏட்டிலும் அது இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தையும் நோயில்பூசுதலையும் சேர்த்துக் குணமாக்கும் அருட்சாதனங்கள் என்றே அந்த ஏடு சொல்கிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மறதி வருத்தம். கடைசி மூன்று வருடம் நான்தான் பார்த்தேன். ஒருநாள் இரவு நாலாவது தரம் படுக்கையை மாற்றும்போது வாய்விட்டு ஒன்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனத்தில், “அம்மாவிடம் பொறுமை இழந்தேன்” என்றேன். நல்ல, மடித்து இஸ்திரி போட்ட வசனம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான குருவானவர். உடனே ஆசீர்வதித்து அனுப்பாமல், “என்ன சொன்னீர்கள் அம்மா?” என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. கடைசியில் சொன்னேன்: “நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு விடிவு என்று சொன்னேன்.” அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து இரண்டாம் தரம் வந்தபோதுதான் அழுகை வந்தது. அவர் செபம் எதுவும் தரவில்லை. “இன்றிரவு அம்மாவின் தலையை நீங்களே வாரிப் பின்னிவிடுங்கள், அதுதான் அபராதம்” என்றார். அம்மாவுக்கு நான் சொன்னது அடுத்த நிமிடமே மறந்துபோயிருக்கும். அந்த அபராதம் அவவுக்கில்லை, என் கைக்கு. அன்றிரவு சீப்பில் சுற்றிய நரைமயிரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போடும்போது என்னில் ஏதோ இறங்கிப்போனது.

உங்களுக்கு அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க நீங்கள் விடவும் இல்லை. ஒவ்வொரு தரமும் ஆளை மாற்றினீர்கள். “பங்குப் பாதருக்கு அக்காவைத் தெரியும்” என்பது உங்கள் நியாயம். தெரியட்டும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லிலோ சைகையிலோ வெளிவிட்டால் அந்தக் குருவானவர் சபைவிலக்குக்கு ஆளாவார். கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக எதையும் செய்யவும் திருச்சபைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 1658 க்குப் பிறகு டச்சுக்காரர் குருமாரைத் துரத்தியபோது இந்த நாட்டுக் கத்தோலிக்கர் ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு குருவானவரும் இல்லாமல் கிடந்தார்கள். 1687 இல் யோசவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கி, இரவில் ஒளித்து ஒளித்து வீடுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அந்தச் சனத்தின் வழிவந்தவர்கள் நாம். உங்களுக்கு ஆறு பேர் கிடைத்தார்கள், ஒருவரிடமும் முழுக்கதை போகவில்லை.

அப்படியானால் மன்னிப்புக் கிடைத்ததா? மறந்துபோன பாவம் மன்னிப்புக்குள் அடங்கும். தெரிந்துகொண்டே மறைத்த கனமான பாவத்தின் சங்கதி வேறு. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை ஒரு குருவானவர்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் அவசரத்தில் போகாதீர்கள். வாரநாளில் நேரம் கேட்டு, “பாதர், எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும்” என்று சொல்லிப் போங்கள். முன்பு ஆறு தரம் போனதையும் சொல்லுங்கள்.

சரி, பலன். இப்போது பேறுபலன் என்கிறார்கள். என் அம்மம்மா வெறுமனே ‘பலன்’ என்பா. அவவின் செபப்புத்தகத்தில் ஒவ்வொரு சின்னச் செபத்துக்கும் கீழே பொடி எழுத்தில் ‘300 நாள் பலன்’, ‘100 நாள் பலன்’ என்று போட்டிருக்கும். எட்டு வயதில் நான் அதையெல்லாம் பென்சிலால் கூட்டிப் பார்த்திருக்கிறேன். மரித்த பிறகு ஆத்துமா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் எனக்கு எத்தனை நாள் கழியும் என்ற கணக்கு. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணக்கே பிழை என்று. ஆதித் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தல் போன்றவற்றுக்கு வருடக்கணக்கில், ஊரறியத் தவம் செய்ய வேண்டும். 300 நாள் பலன் என்றால் அப்படி 300 நாள் தவம் செய்ததற்கு ஈடு என்றுதான் பொருள். எல்லோரும் என்னைப் போலவே பிழையாகக் கணக்குப் பார்த்ததாலோ என்னவோ, 1967 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நாட்கணக்கையே எடுத்துவிட்டார். (1970 டிசம்பரில் இலங்கைக்கு வந்துபோனவரும் அவர்தான். அம்மா பார்க்கப் போன கதையை மறதி வந்த பிறகும் பிழையில்லாமல் சொல்லுவா.) இப்போது இருப்பது பரிபூரண பலன், பகுதிப் பலன் என்ற இரண்டும்தான்.

பலன் பாவத்தை மன்னிப்பதில்லை. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்தில் முடிந்துவிடுகிறது. மன்னித்த பிறகும் பாவம் விட்டுப்போகும் ஒன்று இருக்கிறது. மறைக்கல்வி அதைப் பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனை என்கிறது. கடவுள் பிரம்போடு நிற்பதாக நினைக்கத் தேவையில்லை. கால் எலும்பு முறிந்து பொருந்திவிட்டது, பிளாஸ்டரும் வெட்டியாயிற்று, ஆனால் ஆறு வாரம் அசையாமல் கிடந்த கால் மெலிந்து விறைத்துப்போயிருக்கும். பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு வரும் ஆட்களைப் பாருங்கள். முறிவு இல்லை, நடையும் இல்லை. பாவத்துக்குப் பின்னால் மனிதனில் மிஞ்சுவதும் அப்படித்தான். அதைத் திரும்ப நடக்கப் பழக்குவதில் கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த நன்மையிலிருந்து நமக்குக் கைகொடுப்பதாகத் திருச்சபை சொல்கிறது. அதுதான் பலன். தனியாக நடக்கப் பழக வேண்டாம், தோளைப் பிடித்துக்கொள் என்கிற மாதிரி.

யூபிலியில் நீங்கள் செய்ததை எழுதியிருக்கிறீர்கள்: யாத்திரை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்களுக்காகச் செபம். நான்கும் சரி. ஐந்தாவது ஒன்று உண்டு, உங்கள் பட்டியலில் அது இல்லை. எந்தப் பாவத்தின் மீதும், அற்ப பாவத்தின் மீதும்கூட, மனதில் பற்று இருக்கக்கூடாது. அது குறைந்தால் பலனும் பரிபூரணமாகாது, பகுதியாகிவிடும். உங்கள் மனதுக்குள் பார்க்க எனக்குக் கண் இல்லை. ஆனால் அக்காவின் காசில் நிமிர்ந்த கடையை ஒவ்வொரு காலையும் திறந்துகொண்டு, அது தெரியாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதைப் பற்றில்லாமை என்று சொல்ல என் வாய் வராது.

மச்சான் சொன்னதில் பாதி சரி. ஒத்துக்கொள்ளுங்கள், நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பத்தாம் சிங்கராயர் பாப்பரசராக இருந்த காலத்தில், உரோமையில் புனித இராயப்பர் பேராலயம் கட்ட என்று ஜெர்மனியில் பலனுக்குக் காசு வாங்கினார்கள். அதில் பாதி மைன்ஸ் அதிமேற்றிராணியார் ஆல்பிரெக்ட் பதவிக்காகப் பட்ட கடனை அடைக்க ஃபுக்கர் வங்கிக் குடும்பத்துக்குப் போனது. டெட்சல் என்ற போதகர் ஊரூராகப் போய்ப் பிரசங்கித்தார். 1517 இல் மார்ட்டின் லூத்தர் எழுந்தது அதற்கு எதிராகத்தான். அந்த வியாபாரம் அசிங்கம் என்பதைத் திருச்சபையும் பிறகு ஏற்றது. 1563 இல் திரெந்து சங்கம் அந்த ஆதாயத் தேட்டத்தை ஒழிக்கச் சொன்னது. 1567 இல் ஐந்தாம் பத்திநாதர் காசோடு கட்டிய பலன்கள் எல்லாவற்றையும் இரத்துச் செய்தார். இதையும் மச்சானுக்குச் சொல்லுங்கள், அதுதான் மற்றப் பாதி.

ஆனால் தம்பி, மச்சான் சிரிக்கும்போது உங்களுக்குக் குத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஆட்கள் காசைக் கொடுத்து மனந்திரும்புதலைத் தட்டிக்கழித்தார்கள். நீங்கள் செபத்தைக் கொடுத்துக் காசைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறீர்கள். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், அது செய்த சேதத்தையெல்லாம் சரிசெய்யாது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரை நிமிர்த்திவிடு என்று மறைக்கல்வி ஏடு வெளிப்படையாகவே சொல்கிறது. சுவிசேஷத்தில் வரும் வரிக்காரன் சக்கேயு மரத்திலிருந்து இறங்கி நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். அக்கா உங்களிடம் நான்கு மடங்கு கேட்க மாட்டா.

இனி அந்த அரை வரி. மூன்றாம் பக்கத்தின் அடியில், “அந்தத் தரகர் பிறகு எங்கள் தெருவுக்கு வாறதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். காசுக்கு நான்கு பக்கம், அவருக்கு அரை வரி. பாவசங்கீர்த்தனத்தில் ஆறு தரமும் காசுதான். அவர் ஒரு தரமும் இல்லை. ஒரு பிழையும் செய்யாத மனிதர் ஒருவரை உங்கள் அக்கா பதினைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறா. வத்தளையில், கொட்டாஞ்சேனையில், சொந்தக்காரர் கலியாணங்களில் என்று அந்தக் கதை எத்தனை வாயில் போயிருக்கும்? தரகு வேலைக்கு மூலதனமே நல்ல பெயர்தானே.

மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது ஏழு லட்சம் மட்டும்தானா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். எனக்குச் சந்தேகம்.

“அக்காவிடம் சொல்லாமல் ஆற வழி உண்டா” என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் மாறுகிறது. காசு மட்டும் என்றால், பெயர் தெரியாமல் திருப்பிச் சேர்ப்பிக்கலாம் என்று குருமார் சொல்வதுண்டு. சிலவேளை அவர்கள் கையாலேயே கொடுப்பார்கள். அது பழைய, நல்ல வழக்கம். ஆனால் ஒருவரின் கெட்ட பெயரை ஆள் தெரியாமல் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் எடுக்கவில்லை என்று சொன்னால், அப்போ யார் எடுத்தது என்று அக்கா கேட்பா.

ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். எப்படி என்பதில் அவசரம் வேண்டாம்.

மனைவிக்கு முதலில் சொல்லுங்கள். வீட்டுக் காசு வெளியே போகப்போகிறது, அது அவவுக்குத் தெரியாமல் போனால் இன்னொரு ஒளிப்பு தொடங்கும். அப்புறம் கணக்கு. 2011 இல் ஏழு லட்சம் என்றால் டாலர் 110 ரூபா அளவில் இருந்த காலம், ஏறத்தாழ 6,360 டாலர். இன்று டாலர் 300 ரூபா என்று வைத்தாலே அது பத்தொன்பது லட்சம். தங்கப் பவுண் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு மயக்கம் வரும், பார்க்க வேண்டாம். 2022 இல் ரூபா விழுந்ததை கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஏழு லட்சத்தை எண்ணி நீட்டிவிட்டு முடிந்தது என்று எழும்பிவிடாதீர்கள். எவ்வளவு நியாயம் என்பதை அந்தக் குருவானவரிடமும், பிறகு அக்காவிடமும் பேசுங்கள். ஒரே தடவையில் முடியாது என்பது எனக்கும் தெரியும். முதல் தவணையோடு போங்கள். சேமிப்புப் புத்தகம் ஒன்றை அவ பெயரில் திறந்து, மாதாமாதம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

என்ன சொல்வது? முதல் நாளே எழுதிப் பாருங்கள். மூன்று வசனம் போதும்: காசை எடுத்தது நான். தரகர் எடுக்கவில்லை, நான் பொய் சொன்னேன். திருப்பித் தருகிறேன், இது முதல் பங்கு. ‘கடை மூழ்கியது, பிள்ளை சின்னது’ என்ற விளக்கமெல்லாம் அவ கேட்டால் மட்டும். “பாதரே மன்னித்துவிட்டார்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மன்னிப்பும் அன்றைக்குக் கேட்க வேண்டாம். பதினைந்து வருடம் உங்களிடம் இருந்த பாரத்தை அன்றைக்குத்தான் அவ முதல் முதலாகத் தூக்கப்போகிறா. கத்தலாம், பேசாமல் எழும்பி உள்ளே போகலாம், நத்தாருக்குக் கேக் வராமல் போகலாம். குடும்பம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், அப்படி நடக்கவே நடக்காது என்று நான் வாக்குத் தர முடியாது. இப்போது இருக்கும் உறவில் ஒருவருக்குத்தான் முழுக்கதையும் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தரகரைப் பொறுத்தவரை, அவர் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். அக்காவுக்குத் தெரிந்த பிறகு, கதையைக் கேட்ட சொந்தக்காரரிடம் “அது அவர் இல்லை” என்று நீங்களே திருத்துங்கள். ‘நான்தான்’ என்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா என்பதைக் குருவானவரோடு கலந்து முடிவெடுங்கள்.

கடைசிக் கேள்வி, அம்மாவின் கல்லறை. ஓம், ஒப்புக்கொடுக்கலாம். நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலைக்குப் போய், மனதாலாவது மரித்தவர்களுக்காகச் செபித்தால், வழமையான நிபந்தனைகளோடு ஒவ்வொரு நாளும் ஒரு பரிபூரண பலனை உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்க முடியும். உயிரோடிருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, ஆகவே அக்காவுக்காகப் பெறலாமா என்று யோசித்திருந்தால் அது நடக்காது. அவவுக்குக் கொடுக்க உங்களிடம் வேறொன்று இருக்கிறது.

மாதம்பிட்டிச் சேமக்காலைக்கு வருடாவருடம் இருவரும் சேர்ந்துதான் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடமும் போங்கள். ஆனால் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லலாம் என்ற அந்த யோசனையை விட்டுவிடுங்கள். நவம்பர் மழையில் சேறு, சுற்றிவர மெழுகுதிரியும் சனமும், அக்காவுக்கு முழங்கால் நோவு வேறு. இப்படி ஒன்றைக் கேட்டால் உட்கார ஒரு இடம் வேண்டும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், வத்தளையில் அவவின் வீட்டிலேயே சொல்லுங்கள். அப்புறம் சேமக்காலைக்கு உங்களோடு வருவதா வேண்டாமா என்பதை அவ முடிவெடுக்கட்டும்.